பெயர் யாருக்கு? – சிறிய வீடியோ விளையாட்டுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் அங்கே நிற்கவும் இடமிருக்காது. விலை பேசி ஓட்டிச் செல்லப்படும் ஆட்டின் இறைச்சி எங்கே போகும் என்பதை எவரும் அறிவர். அதன் தோல் எங்கே போகும் என்பதை நம் பகுதி மக்கள் இன்னும் நன்றாக அறிவர். பேரணாம்பட்டுக்கோ ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ சென்று, பதனாகி, வண்ணம் ஏறி, காலணியின் மேற்பாகமாகத் தைக்கப்பட்டுக் கப்பலேறும். அந்தக் காலணியின்மீது பொறிக்கப்படும் பெயர் மட்டும் பெரும்பாலும் நம் ஊர்ப் பெயராக இருப்பதில்லை.

நம் உறவில் ஓர் இளைஞர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஓவியம் கற்றவர். வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் வெளியிடும் வீடியோ விளையாட்டுகளுக்குக் கதவும் சுவரும் கல்லும் மரமும் கணினியில் வரைந்து கொடுப்பது அவர் பணி. கடந்த பெருநாளுக்கு ஊர் வந்திருந்தபோது, தாம் வரைந்த கோட்டை வாயில் ஒன்றைக் காட்டினார். மரத்தின் ரேகையும் ஆணியின் துருவும் அத்தனை தத்ரூபமாக இருந்தன. ‘இதில் உன் பெயர் எங்கே தம்பி?’ என்று கேட்டோம். ‘கம்பெனி பெயர் இருக்கிறது, மாமு’ என்று சிரித்தார். சற்று நேரங்கழித்துத் தம் உள்ளத்தில் கிடந்ததைச் சொன்னார். பாட்டனார் காலத்து ஆவாரம்பட்டைத் தொட்டிகளைக் களமாக வைத்துத் தாமே ஒரு சிறிய விளையாட்டை உருவாக்க வேண்டுமாம். அருகிலிருந்த அவருடைய தகப்பனார் கேட்டது ஒரே கேள்விதான்: ‘அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?’

நியாயமான கேள்வி அது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடத் தொடங்கும் வரையில், வீடியோ விளையாட்டு என்றாலே பிள்ளைகளைப் பிடித்த முஸீபத்து என்று ஒதுக்கி வந்தவர்கள் நாம் என்பதையும் முதற்கண் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

முழுப் பதமும் வராத பெயரும்

தோல் தொழிலில் மூத்தவர்களுக்கு ‘ஈ.ஐ. தோல்’ என்பது பழகிய சொல். ‘ஈஸ்ட் இந்தியா’ என்பதன் சுருக்கம் அது. ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டு தமிழகத்தில் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குச் சென்று, அங்கே மெருகு பெற்று, வேறு பெயரில் உலகெங்கும் விலைபோயிற்று. 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. நம் பகுதியில் காலணித் தொழிற்சாலைகள் பெருகியது அதன் பின்னரே. பதம் முழுமையாயிற்று. பெயர் இன்னும் வந்து சேரவில்லை. மெருகேற்றக் கற்றுக்கொள்வது ஒன்று. தன் பெயரில் விற்பது வேறொன்று என்பதை இந்த அரை நூற்றாண்டு நமக்குக் கற்பித்திருக்கிறது.

வீடியோ விளையாட்டுத் துறையில் இந்தியா அடியெடுத்து வைத்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான். 1997-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ் நாட்டின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. பிற நாட்டார் விளையாட்டுகளுக்கு உருவங்களும் காட்சிகளும் வரைந்து கொடுத்தே அது பெரிதும் வளர்ந்தது. 2019-இல் அமெரிக்கப் பெருநிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கிக் கொண்டது. இப்பணியை இழிவென்று நாம் கருதவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு ஹலாலான உணவு தந்த பணி அது. ஜாப் ஒர்க் செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர்க்காரர்கள் அதைக் குறை கூறுவது அழகுமன்று. ஆயினும் ஜாப் ஒர்க்கில் சொந்தக் கதை சொல்ல இடமில்லை. வந்த அளவுக்கு வெட்ட வேண்டும். கேட்ட நிறம் ஏற்ற வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் சொந்தக் கதை சொல்லும் துணிவு குறைந்து வருகிறது. உலகெங்கும் இத்தொழிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 கோடி டாலர் புரள்கிறது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டை வாங்கக் கொடுத்த விலை மட்டும் ஏறத்தாழ 6,900 கோடி டாலர். இவ்வளவு பணம் போட்டவர்கள் புதிய சோதனைக்கு அஞ்சுவது இயல்பு. முன்பு விற்றதையே எண் மாற்றி மறுபடியும் விற்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அதனால், ஒருவராகவோ பத்துப் பேராகவோ சேர்ந்து, முதலாளியின் கட்டளையின்றித் தம் மனத்தில் பட்டதைச் செய்பவர்களிடம்தான் புதுமை பிறக்கிறது. ‘இண்டி’ என்று இளைஞர்கள் அழைப்பது இவற்றையே.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. பல்லாயிரம் படிகள் விற்ற வார இதழ்களுக்கு நடுவே 1959-இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் சிற்றேட்டைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கு அது களமாயிற்று. பெரிய இதழ்கள் பின்னாளில் அதன் விளைச்சலை அறுத்துக் கொண்டன. சிறிய விளையாட்டுகளுக்கும் பெரிய தொழிலுக்கும் உள்ள உறவும் அதுவே.

‘வெண்பா’ என்னும் படைப்பு

பொதுப்பட எவ்வளவு பேசினாலும் ஒரு படைப்பை எடுத்து நிறுத்திப் பார்க்காமல் மதிப்பீடு நிறைவு பெறாது. நாம் எடுத்துக்கொள்வது ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் உருவாக்கி 2023 ஜூலை மாத இறுதியில் வெளியிட்ட விளையாட்டு அது. யாப்பின் பெயரைத் தலைப்பாகவும், தமிழ்ச் சொல்லை நிறுவனத்தின் பெயராகவும் கொண்டு உலகச் சந்தைக்குள் நுழைந்த துணிவே முதலில் நம்மைக் கவர்ந்தது.

1988-இல் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய ஓர் இணையரின் கதை அது. மனைவி வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். தகுதிக்கேற்ற வேலை கிட்டாத நாட்டில், தாயார் தந்த சமையற் குறிப்பேடு ஒன்றுதான் வெண்பாவுக்குத் துணை. அந்த ஏடு கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். விளையாட்டு என்பது இவ்வளவே. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் சென்று சேரும், புட்டுக் குழாயில் எதன்மேல் எதை இடுவது என்பவைதான் புதிர்கள். இளைஞர் தம் மடிக்கணினியில் இதை எடுத்துக் காட்டியபோது, நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டார்கள். வீடியோ விளையாட்டைப் பார்த்து, ‘அப்படி வைத்தால் வேகாது’ என்று மூதாட்டி ஒருவர் அதட்டியதை நம் வாழ்நாளில் அன்றுதான் கேட்டோம்.

படைப்பின் உயிர் சமையலில் மட்டும் இல்லை, மொழியிலும் இருக்கிறது. மகன் வளர வளரத் தாய்மொழி அவனிடமிருந்து நழுவுகிறது. பள்ளித் தோழர்களின் முன்னால் வீட்டு உணவு அவனுக்குக் கூச்சம் தருகிறது. பின்னர் ஒருநாள் மகனே அந்த ஏட்டைக் கையிலெடுக்கும்போது, அதன் சொற்கள் அவனுக்கு முழுதும் விளங்குவதில்லை. விளையாடுகிறவரும் அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே நிறுத்தப்படுகிறார். சிறுகதையில் இதை எழுதினால் வாசகர் அவனுக்காக இரங்குவார். இங்கே அவனாகவே நின்று திணறுகிறார். இவ்வடிவத்துக்கே உரிய ஆற்றல் இது. இதைக் கண்ட பின்பு, வீடியோ விளையாட்டுக்கும் இலக்கியத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ வீடுகளில் பேச்சு உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். வேறு வீடுகளில் தமிழே தாய்மொழி. பிள்ளைகளோ அதைப் படிக்கத் திணறுகிறார்கள். பாட்டியார் சொல்வது பாதி விளங்கித் தலையாட்டும் பேரப்பிள்ளையைக் காண நாம் டொராண்டோ வரை போக வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். புதிர்கள் மிக எளியவை. தவறு செய்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்டுகள் விரைந்து தாண்டப்படுவதால் மகனின் மனமாற்றம் நமக்குச் சொல்லப்படுகிறதே தவிர, நம் கண்முன் வளர்வதில்லை. முதுமையில் தாய்நாடு திரும்பிவிட்ட தாயை மகன் தேடி வரும் இறுதிப் பகுதியில் கண்ணீர் வருகிறது. ஆனால் அந்தக் கண்ணீருக்கு உரிய விலையை அவன் கொடுத்தானா என்ற ஐயமும் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைபட்டார்கள். அது குறையன்று. சிறுகதையைப் பக்கம் எண்ணி வாங்குவாருண்டோ?

பிரியாணியும் இந்த விளையாட்டில் சமைக்கப்படுகிறது. சீரகச் சம்பா அரிசியும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும், விறகடுப்புத் தணலும் சேர்ந்த ஆம்பூர் அடுப்பின் கதையைக் கனடாவிலுள்ள அந்தச் சகோதரர்களிடம் எதிர்பார்ப்பது முறையாகாது. அவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். நம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

உலகம் இப்படைப்பை மதித்தது. 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுகப் படைப்புக்கு வழங்கும் விருதும் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தன.

விலையும் சூதும்

நம் சமுதாயத்துப் பெற்றோருக்கு இத்துறையின்மீதுள்ள அச்சம் காரணமற்றதன்று. அந்த அச்சத்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ‘வெண்பா’வின் விலை அமெரிக்காவில் சுமார் 15 டாலர். ஒருமுறை கொடுத்தால் முழுப் பொருளும் நம் கைக்கு வருகிறது. அதற்கு ஒரு முடிவும் உண்டு. முடிந்ததும் கணினியை மூடிவிட்டுத் தொழுகைக்கு எழுந்து செல்லலாம்.

கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் பெரும்பாலான வணிக விளையாட்டுகளின் கணக்கு வேறு. நுழைவு இலவசம், பணம் உள்ளே பிடுங்கப்படுகிறது. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியில் என்ன இருக்கும் என்பது திறந்த பிறகே தெரியும். விற்கும் பொருள் இன்னதென்று அறியாத வியாபாரத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்று தடுக்கின்றன. பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022-இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. மதுவோடு சூதையும் சேர்த்து விலக்கிய அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தை அறிந்த நமக்கு இவை புதிய நீதிகள் அல்ல.

ஆனால் சூதை விலக்கிய அதே மார்க்கம் விளையாட்டை விலக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதைக் காண அனுமதித்ததும் ஹதீஸ்களில் பதிவானவை. எனவே, ‘விளையாட்டா?’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘எத்தகைய விளையாட்டு? என்ன முறையில் விற்கிறார்கள்? எங்கே முடிகிறது?’ என்று கேட்பதே பொருத்தம். முடிவில்லாமல் ஆடவைப்பதில் பெரிய வணிகத்தின் இலாபம் அடங்கியிருக்கிறது. முடிவுள்ள பொருளை விலை சொல்லி விற்கும் சிறிய படைப்பாளி, சந்தையில் ஆட்டைக் கண்முன் நிறுத்தி விலை பேசும் வியாபாரிக்கே நெருங்கியவர்.

சிறியதெல்லாம் நல்லது, பெரியதெல்லாம் தீயது என்று நாம் கோடு போடவில்லை. ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்னும் சின்னஞ்சிறு விளையாட்டை வியட்நாமின் டாங் குயென் தனியொருவராகச் செய்தார். 2014-இன் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவி நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் ஈட்டியது. மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று கண்ட அவர், அவ்வாண்டு பிப்ரவரியில் அதைத் தம் கையாலேயே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். தம் பெயரில் விற்பவருக்குத்தான் அப்படி எடுத்துவிடும் உரிமையும் பொறுப்பும் இருக்கின்றன. ஆயிரம் பேர் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் அந்த மனச்சாட்சி யாருக்குச் சொந்தம்?

வாசலில் நிற்கும் காவலர்

சிறிய படைப்பாளி தன் பெயரைப் பொறித்துவிட்டால் மட்டும் போதாது; கடை வேண்டும். கணினி விளையாட்டுகளுக்கு ஸ்டீம், கைப்பேசிக்கு ஆப்பிளும் கூகுளும் என, கடைகள் சிலருடைய கையிலேயே இருக்கின்றன. ஸ்டீமில் விற்பனையின் 30 விழுக்காடு கடைக்காரருக்கு. பங்கு கேட்பதோடு, எது விளையாட்டு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு.

பலஸ்தீனத்தின் நாப்லூஸ் நகரைச் சேர்ந்த ரஷீத் அபூஈதாவின் அனுபவம் இதற்குச் சான்று. 2014-இல் காஸாமீது நடந்த போரில் தன் குடும்பத்தைக் காக்க ஓடும் ஒரு தந்தையின் கதையை ‘லைலாவும் போரின் நிழல்களும்’ என்னும் சிறு விளையாட்டாக அவர் செய்தார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் துயரமே மிஞ்சும். 2016-இல் ஆப்பிள் நிறுவனம் இதை விளையாட்டுப் பிரிவில் ஏற்க மறுத்தது. செய்திப் பிரிவுக்கோ மேற்கோள் பிரிவுக்கோ மாற்றச் சொன்னது. கண்டனக் குரல்கள் எழுந்த பின்பே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. துப்பாக்கியால் சுடுவது விளையாட்டாம். சுடப்படுபவரின் கதை மட்டும் விளையாட்டு ஆகாதாம். வணிக உலகின் இலக்கணத்துக்கு இதைவிட வேறு உரை வேண்டுவதில்லை.

யார் காசு கொடுப்பார்கள்?

இனி, அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். இதுவரை உலகம் கண்ட வழிகள் சில.

முதலாவது, தன் பொருளையே பணயம் வைப்பது. புனே நகரில் உருவாகி 2020-இல் வெளியான ‘ராஜி’ நம் நாட்டின் பெருமைமிகு சிறு முயற்சி. பொதுமக்களிடம் 2017-இல் நிதி திரட்டியபோது இலக்கு எட்டப்படவில்லை. படைத்தவர்களுள் ஒருவர் தம் வீட்டை விற்றுப் பணிகளைத் தொடர்ந்தார். விளையாட்டு வெளிவந்தது, புகழும் வந்தது. எனினும், வீட்டை விற்கச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் நாம் அறிவுரை கூற மாட்டோம். அமெரிக்கரான எரிக் பரோன் நான்காண்டுக்கு மேல் தனியே உழைத்து 2016-இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது என்பதைக் காட்டி இளைஞர்கள் ஆசைகொள்வதுண்டு. அது விதிவிலக்கு. விதிவிலக்கை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது.

இரண்டாவது, பெரியவர்களின் திண்ணையில் ஒதுங்குவது. ‘வெண்பா’ வெளியான நாளிலேயே மைக்ரோசாஃப்டின் சந்தா நூலகத்திலும் இடம்பெற்றது. சிறியோருக்கு இத்தகைய ஒப்பந்தம் கைகொடுக்கிறது, உண்மை. ஆனால் திண்ணை வீட்டுக்காரருடையது. அவர் எழுப்பிவிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும்.

மூன்றாவது வழி நம்மிடமே இருக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியது எவ்வாறு? வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். அவர் மறைந்த பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அந்தச் செய்யுள்களைச் சந்தை பாட வைக்கவில்லை; சமுதாயம் பாட வைத்தது. பழைய வழக்கம் என்று இதைத் தள்ள வேண்டாம். ‘லைலா’வைச் செய்த அபூஈதா, 1948-இன் பேரிடரைப் பற்றி அடுத்த விளையாட்டைத் திட்டமிட்டபோது வணிகப் பதிப்பாளர்கள் முன்வரவில்லை. குழந்தை என்று எண்ணித் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு தாயின் கதை அது. ‘தலையணைமீது கனவுகள்’ என்று பெயர். 2024-இன் இறுதியில் முஸ்லிம்கள் நடத்தும் ‘லாஞ்ச்குட்’ நிதிதிரட்டும் தளத்தில் அவர் கைநீட்டினார். சில வாரங்களில் 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் வள்ளல்கள் அல்லர். பத்தும் இருபதும் அனுப்பிய சாமானியர்கள். ஆயிரம் சிறு கைகள் சேர்ந்து ஒரு சீதக்காதி ஆயிற்று.

நம் இளைஞருக்கு நாம் சொன்னது இதுதான். வேலையை விட வேண்டாம். ஒரே ஒரு தொட்டி, ஒரு பகல், ஒரு பாட்டனார்: அவ்வளவில் தொடங்கு. பட்டை இடிக்கும் முறையையும் தோல் புரட்டும் நேரத்தையும் அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள். அவர்கள் போய்விட்டால், வெண்பாவின் ஏட்டில் கிழிந்த வரிகளைப் போல அந்தப் பக்கமும் போய்விடும். ஊகித்து நிரப்ப ஆள் இருக்காது.

அவருடைய தகப்பனாருக்குச் சொன்னது வேறு. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பொருள்களில் ஒன்றாக, இத்தகைய ஒரு நல்ல விளையாட்டை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். திருட்டுப் பிரதி எடுக்க விடாதீர்கள்; அதுவும் உழைத்தவரின் ஹக்கு. வாங்கியதைப் பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். நன்றாயிருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதைச் சொல்லுங்கள். இந்த ஏடு இத்தனை காலம் நடப்பதும் அத்தகைய வாசகர்களால்தான். யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு, நாம் கொடுப்போம் என்பதைத் தவிர உறுதியான வேறு விடை நமக்குத் தெரியவில்லை.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இளைஞர் ஊருக்குப் புறப்பட்ட அன்று, பாட்டனாரின் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, மகனுடைய பையில் வைத்தார் என்று கேள்விப்பட்டோம். இன்ஷா அல்லாஹ், அந்த விளையாட்டு முடியும் நாளில் அதன் மதிப்பீட்டையும் இதே பக்கங்களில் எழுதுவோம். உறவினர் என்பதற்காகக் குறைகளை மறைக்க மாட்டோம்.